பேரன் தீவைக் கேட்பதும் பார்ப்பதும்

பெங்களூரு லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையின் மேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார இடம் பிடிப்பது பெரும்பாடு. ஏறி உட்கார்ந்துவிட்டால் கீழே இருப்பது சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள கல். அசையாது, உறுமாது. அங்கிருந்து ஏறக்குறைய நேர்கிழக்கே சென்னையைத் தாண்டி, வங்கக் கடலையும் தாண்டி 1,750 கிலோமீட்டர் போனால் இதற்கு நேர் எதிரான ஒரு கல் இருக்கிறது. இந்தியாவில் இன்னமும் வெடித்துக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை, அந்தமானின் பேரன் தீவு. ஆங்கிலத்தில் தரிசு என்று பொருள்படும் பெயர், தமிழ் எழுத்தில் விழுந்ததும் உறவுமுறையாகிவிட்டது. லால்பாக் பாறையைத் தாத்தா என்று வைத்துக்கொண்டால் பொருத்தமும் சரிதான்.

இந்தப் பேரனைக் கண்காணிக்கும் வழிகளில் இரண்டு, பெங்களூரோடு தொடர்புள்ளவை. ஒன்று காது, இன்னொன்று கண்.

காது, நகரத்துக்கு வடக்கே கௌரிபிதனூரில் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் பிரிட்டனின் உதவியோடு 1965இல் அமைத்த நிலநடுக்கமானி வரிசை அது. பிற நாடுகள் பூமிக்கடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்கத்தான் முதலில் வைத்தார்கள். எரிமலை அப்போது யார் நினைப்பிலும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் தாத்தாவுக்குப் பங்குண்டு. கெட்டியான பழம்பாறை, கடலலையின் இரைச்சலும் தூரம். அங்கே 20 கருவிகள் ‘எல்’ வடிவில் இரண்டு கைகளாக நீள்கின்றன.

கிழக்கிலிருந்து ஓர் அதிர்வலை வருகிறது என்று வையுங்கள். பேரன் தீவுப் பக்கம் நில அதிர்வு ஏற்பட்டால் முதல் அலை நான்கு நிமிடத்துக்குள் இங்கே வந்துவிடும். அது வரும் பக்கத்தில் இருக்கும் கருவி முதலில் ஆடும், பிறகு அடுத்தது, அதற்கும் அடுத்தது. முதல் கருவிக்கும் கடைசிக் கருவிக்கும் இரண்டு மூன்று விநாடிதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்தே அலை வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். தாமதத்தைச் சரிசெய்து 20 பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், லாரியும் காற்றும் எழுப்பிய சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அமுங்கும். உண்மையான அதிர்வு மட்டும் துலங்கும். கோரஸில் ஒருவர் பிசிறினாலும் பாட்டு கேட்பது போல.

ஆனால் இவ்வளவு தூரத்தில் திசை ஒரு பாகை பிசகினால் இடம் 30 கிலோமீட்டர் தள்ளிப்போகும். தீவின் அகலமே 3 கிலோமீட்டர்தான். பாறைக்குழம்பு மேலேறும்போது உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகளோ இவ்வளவு தூரம் வந்து சேராமல் வழியிலேயே செத்துவிடும். 2025 செப்டம்பர் 13, 20 தேதிகளில் எரிமலை லேசாக வெடித்தது, நடுவே 4.2 அளவில் ஒரு நில அதிர்வு. இரண்டையும் சேர்த்துச் செய்தி போட்டார்கள். எரிமலையால் வந்த அதிர்வா, அந்தப் பக்கம் எப்போதும் நகரும் நிலத்தட்டுகளால் வந்ததா என்பதைத் தூரத்துக் காதால் பிரித்துச் சொல்ல முடியாது.

கண்ணின் கதை புதிது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் பாகங்கள் ஒன்றுசேர்ந்தது பெங்களூரில்தான். ரேடார் அலைகளை விரித்துப் பிடிக்கும் 12 மீட்டர் ஆன்டெனாவை, வெயில் தாங்கும் பூச்சுக்காகக் கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்பியதில் பயணம் தள்ளிப்போனது. நிசார் ஒரே இடத்தை 12 நாளில் இருமுறை, வேறு வேறு கோணத்தில் பார்க்கும். இன்று எடுத்த படத்தையும் 12 நாள் கழித்து அதே கோணத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டால், நிலம் ஒரு சென்டிமீட்டர் உப்பினாலும் அலையின் கட்டம் மாறியிருப்பது தெரியும். நாசா கொடுத்த ரேடாரின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். அலை போய்த் திரும்புவதால் நிலம் 12 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு முழுச் சுற்று.

இரவு, மேகம், புகை எதுவும் அதற்குத் தடையில்லை. மழைக்கால அந்தமானில் இது பெரிய வரம். இருந்தும் இந்தத் தீவு கண்ணை ஏமாற்றும். கடல் மேல் தெரிவது 350 மீட்டர் சொச்சம். நீருக்கடியில் இறங்கும் உடலோ 2 கிலோமீட்டருக்கும் மேல். ரேடாரால் கடலுக்குள் பார்க்க முடியாது. நிலம் உப்பியதை அளக்க, உப்பாத நிலம் பக்கத்தில் வேண்டும். மூன்று கிலோமீட்டர் தீவு மொத்தமாக உயர்ந்தால் எதை வைத்து ஒப்பிடுவது? புதுச் சாம்பல் படிந்துவிட்டால் பழைய படத்தோடு புதியது பொருந்தவும் செய்யாது.

கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவில் 2025 பிப்ரவரியில் நிலம் அதிர்ந்தபோது இந்தக் கஷ்டம் குறைவு. தீவுகளிலேயே நிலநடுக்கமானிகளும் ஜிபிஎஸ் நிலையங்களும் இருந்ததால், ஆயிரக்கணக்கான அதிர்வுகளின் வழியே கடலடியில் பாறைக்குழம்பு நகர்ந்த பாதையைப் பின்தொடர முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். எரிமலை வெடிக்கவில்லை. அங்கே ஜனம் வாழ்கிறது, இங்கே காட்டு ஆடுகள்தான்.

கண்ணா காதா என்று என்னைக் கேட்டால் காதுதான். 12 நாள் இடைவெளியில் ஓர் எரிமலை என்ன வேண்டுமானாலும் செய்துவிடும். காது ராத்திரியிலும் தூங்காது. 2004 டிசம்பர் பேரதிர்வுக்குப் பின், 2005 ஜனவரிக் கடைசியில் நிக்கோபாருக்குக் கிழக்கே சில நாள்களில் நூற்றுக்கணக்கான அதிர்வுகள் கொத்துக்கொத்தாக வந்ததைக் காட்டிக் கொடுத்தவையும் காதுகளே. அதே ஆண்டு மே மாதம் பேரன் தீவு வெடித்தது. ஆனால் காது பக்கத்தில் இருக்க வேண்டும். கௌரிபிதனூரின் சூட்சுமத்தைச் சிறிய அளவில் அந்தத் தீவின் பாறையிலேயே நிரந்தரமாகப் பதித்து, சூரிய மின்தகடு வைத்து, தகவலைச் செயற்கைக்கோள் வழியே நேரலையில் எடுக்க வேண்டும். ஆடுகள் வயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது தனிப் பாடு. கௌரிபிதனூருக்கு 20 கருவிகள் வேண்டியிருந்தன; பேரன் தீவுக்கு நாலைந்து போதும்.