மைக் செட்டும் மின்கிதாரும்: பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தேர்வதன் பின்னுள்ள வரலாறு

ஒலிபெருக்கி என்னும் தமிழ்ச் சொல் ஒலியைப் பெருக்குவது என்று பொருள்படும். அதற்கு ஈடாக மலையாளம் வழங்கும் உச்சபாஷிணி என்னும் சொல்லுக்கு உரக்கப் பேசுவது என்பது பொருள். இரண்டும் மேடைப் பேச்சையும் வழிபாட்டையும் கூட்டத்திற்குக் கேட்கச் செய்த கருவியைக் கண்டு உருவான பெயர்கள். மின்சுற்று, குழாய் ஸ்பீக்கர், மைக், கம்பி ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கட்டி 'மைக் செட்' என்று அழைப்பது ஊர் வழக்கு. மின்கிதாருக்கு உரிய ஆம்ப்ளிஃபயரைச் சுட்டத் தனிச்சொல் இரு மொழிகளிலும் வேரூன்றவில்லை. பெயரில் மறைந்துபோன இந்த வேறுபாடு, கையில் சிறு தொகையோடு பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கச் செல்லும் ஒரு மாணவனுக்குப் பொருளிழப்பாகவே முடிகிறது.

இச்சிக்கலை நெருக்கமாகக் காண உகந்த நிலப்பகுதி பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, இப்பால் பெருங்கடவிளை என 'விளை' ஈற்று ஊர்ப்பெயர்கள் இருபுறமும் தொடர்கின்றன. இசைப் பழக்கங்களும் அவ்வாறே. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு, தேவாலயங்களில் பாடற்குழு, கல்யாண வீடுகளில் திரைப்பாடல் என்று ஒரே மைக் செட் பல மேடைகளுக்குப் பயன்பட்ட பகுதி இது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கம் தென் திருவிதாங்கூரில் காலூன்றிய நிலையங்களுள் பாறசாலையும் ஒன்று. மேலை இசைமுறைப் பாடல்கள் கிராமத் தேவாலயங்களுக்குள் வந்த வழிகளுள் இதுவும் அடங்கும். கிதார் பின்னர் அவ்வழியே எளிதில் இடம்பெற்றது. ஆனால் அதற்குரிய ஆம்ப்ளிஃபயர் உடன் வரவில்லை.

வராமைக்குக் காரணம் நாட்டின் வணிகக் கொள்கை. 1991 வரை இறக்குமதி உரிமமுறை இறுக்கமாக இருந்தது. நுகர்பொருள்கள் பலவற்றின் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முற்றிலும் நீங்கின. ஃபெண்டரும் மார்ஷலும் பெருநகரக் குழுக்கள் சிலவற்றுக்கே எட்டின. மற்றவர்களுக்கு வாய்த்தது 1940இல் தொடங்கப்பட்ட அகுஜா போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் மேடைப் பெருக்கி. சொந்தமாக வாங்க இயலாத நிலையில் வாடகையே வழியாயிற்று. மலையாளத் திரையிசை அமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்த பின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் வாழ்ந்தது என்பதை அவர் மகன் ஏ. ஆர். ரகுமானின் வாழ்க்கை வரலாற்றில் காணலாம். இசைக்கருவி அன்று தனிமனிதரின் உடைமை என்பதைவிடப் பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் மூலதனமாக இருந்தது.

மேடைப் பெருக்கியில் மின்கிதாரை நேரே செருகினால் ஓசை மந்தமாகவும் சில வேளை காதைக் குத்துவதாகவும் இருப்பது ஏன்? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, கிதாரின் காந்தச்சுருள் பிக்கப் மிகுந்த உள்தடை கொண்டது. அதற்கு ஏறத்தாழ 10 லட்சம் ஓம் உள்ளீட்டுத் தடை வேண்டும். மைக் உள்ளீட்டின் தடையோ சில ஆயிரம் ஓம் மட்டுமே. ஆகவே மேல்சுருதி ஒலிகள் அங்கேயே மடிந்துவிடுகின்றன. இரண்டாவது, கிதாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்சில் அதிரும். பேச்சுக்கு வடிவமைத்த குழாய் ஸ்பீக்கர் அத்தாழ்நிலையை வெளியிடாது. மூன்றாவதே முதன்மையானது. மேடைப் பெருக்கி உள்ளதை உள்ளவாறு பெருக்க முயல்வது. கிதார் ஆம்ப்ளிஃபயர் ஓசையை மாற்றித் தருவது. அதன் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகளை விரைந்து குறைத்துவிடும். இக்குறைபாடே கிதாரின் கரகரப்பை இனிமையாக்குகிறது. சுருங்கச் சொன்னால், அது கிதாரோடு சேர்ந்த இசைக்கருவியின் மறுபாதி.

இம்மறுபாதியின் வரலாற்றை எழுதியவர்களுள் பணமில்லாதவர்கள் பலர். லியோ ஃபெண்டர் 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் திறந்தது வானொலி பழுதுபார்க்கும் கடை. 1951இல் மெம்பிசில் பதிவான 'ராக்கெட் 88' பாடலில் கேட்கும் கரகரப்பு, வழியில் சேதமுற்ற ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்குள் காகிதம் திணித்துச் சமாளித்ததால் பிறந்தது. அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் இங்கிலாந்தில் கட்டுப்படியாகாத விலையில் இருந்தமையால், இலண்டன் கடைக்காரர் ஜிம் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பர்களும் 1962இல் ஃபெண்டர் பாஸ்மேனைப் பின்பற்றி உள்ளூரில் கிடைத்த உதிரிப் பாகங்களால் ஒன்றை உருவாக்கினர். மார்ஷலின் புகழ்பெற்ற ஓசை அவ்வாறு ஒரு மலிவுப் படியெடுப்பில் தொடங்கியது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் எல்பிகோ என்னும் மலிவான சிறு ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரைச் சவரத்தகட்டால் கீறிப் புதிய ஓசையைக் கண்டார். குவீன் குழுவின் ஜான் டீக்கன் குப்பைத் தொட்டியில் கிடைத்த மின்சுற்றுப் பலகையைப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் இயக்கினார். பிரையன் மே அதைப் பல இசைப்பதிவுகளில் பயன்படுத்தினார். வறுமையைப் போற்ற இவற்றைக் கூறவேண்டுவதில்லை. விலைக்கும் ஓசையின் தகுதிக்கும் நேர்விகிதத் தொடர்பு இல்லை என்பதற்கு இவை சான்று.

இன்று பழைய சந்தையில் மூன்று தலைமுறைக் கருவிகள் அருகருகே கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றும் தத்தம் காலத்தின் தொழில்நுட்பத்தையும் அதற்கே உரிய நோயையும் சுமந்து நிற்கின்றன.

முதல் தலைமுறை வால்வு வகை. ஓசை சிறந்தது, செலவும் மிகுதி. வால்வுகள் தேய்பவை. ஒரு காலத்தில் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இந்தியாவிலேயே வால்வுகளை உற்பத்தி செய்தது. இன்று மாற்று வால்வுகளுக்குப் பெரிதும் வெளிநாட்டையே நம்பவேண்டியுள்ளது. மின்மாற்றி எரிந்திருந்தால் அதன் விலை கருவியின் விலையையே எட்டிவிடும். ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கிக் காட்டும் விற்பனையாளரிடமிருந்து வால்வுக் கருவியை வாங்காதிருப்பதே நலம். அச்செயல் வெளியீட்டு மின்மாற்றியைக் கெடுக்கக்கூடியது.

இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர் வகை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், 1960களில் ஆம்ப்ளிஃபயருக்குள் வந்தது. 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜேசி-120 இதன் சிறந்த எடுத்துக்காட்டு. எடை குறைவு, உறுதி மிகுதி; உதிரிப் பாகங்கள் சிற்றூர்ப் பழுதுநீக்குநரின் பெட்டியிலும் இருக்கும். ஆனால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் பழுதானால் நேர்மின்னோட்டம் பாய்ந்து ஸ்பீக்கரும் கருகும். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர், மல்டிமீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டினால் சுருள் அறுபடவில்லை எனக் கொள்ளலாம். கூம்பை விரல்களால் மெல்ல அமுக்கும்போது உரசும் ஓசை எழக்கூடாது.

மூன்றாம் தலைமுறை எண்ணியல் வகை. லைன் 6 நிறுவனம் 1996இல் ஆம்ப்ளிஃபயராகவும் 1998இல் 'பாட்' என்னும் சிறு பெட்டியாகவும் வெளியிட்ட கருவிகள், பழைய ஆம்ப்ளிஃபயர்களின் ஓசையைக் கணக்கீட்டால் போலச்செய்தன. பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பவை இவற்றின் வழிவந்தவையே. பழுதானால் நுண்பாகங்களைத் தனித்தனியே மாற்றுவது கடினம். பெரும்பாலும் பலகையையே மாற்றவேண்டும். பழைய மாதிரிகளுக்குப் பலகை கிடைப்பதும் அரிது.

எத்தலைமுறையாயினும் விலைபேசுமுன் பார்க்கவேண்டியவை சில. பின்புறத் தகட்டில் மின்னழுத்தம் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கும் உரியது. நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்நொடியே கருகும். கிதார் இணைக்காமலே கனத்த ரீங்காரம் எழுந்தால் மின்தேக்கிகள் முதுமையுற்றிருக்கலாம். அச்செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். திருகும்போது எழும் கொரகொரப்பு பெரும்பாலும் தூசியால் வருவது. தூய்மை செய்தால் தீரும், அதற்காக நல்ல கருவியைக் கைவிடவேண்டியதில்லை. இரு பருவமழையும் பெய்யும் இவ்வட்டாரத்தில் ஈரம் தனிப்பகை. மரத்தூள் பலகைப் பெட்டி உப்பிப் பிளக்கும், காகிதக் கூம்பு தளரும், திருகாணிகள் துருவேறும். பின்தகட்டைக் கழற்றிப் பார்க்க மறுக்கும் விற்பனையாளர், பார்க்கவேண்டிய ஒன்று உள்ளே இருப்பதை உணர்த்திவிடுகிறார்.

நில இணைப்பு எனப்படும் எர்த் உயிர் தொடர்பானது. பழைய இறக்குமதிக் கருவிகள் பல இருமுனைச் செருகியோடு வந்தவை. கிதார் தந்தி ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தது. ஒருவர் தந்தியைப் பிடித்தவாறு வேறு இணைப்பிலுள்ள மைக்கைத் தொடும்போது, இரண்டில் ஒன்றில் கசிவிருந்தால் மின்சாரம் உடல் வழியே பாயும். 1972இல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இவ்வாறு உயிரிழந்தார். 1976இல் கீத் ரெல்ஃப் தம் வீட்டில் மாண்டதற்கும் முறையற்ற நில இணைப்பே காரணம். மழை நனைத்த தரையில், தற்காலிக மின்னிணைப்பில் நடக்கும் திருவிழா மேடைகளுக்கு இவ்வரலாறு தொலைவானதன்று. மூன்றாம் பின் அறுக்கப்பட்ட செருகியுடைய கருவியைச் செப்பனிடாமல் ஒருபோதும் இயக்கலாகாது. வால்வுக் கருவியின் மின்தேக்கிகள், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். பயிற்சியில்லாதவர் உள்ளே கைவைக்கக்கூடாது.

எத்தனை வாட் வேண்டும் என்பதிலும் பணம் வீணாகிறது. ஓசை வாட்டுக்கு நேராகப் பெருகுவதில்லை. வாட் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 5 வாட் வால்வுக் கருவியே ஓர் அறையை நிறைக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. நெருங்கிய வீடுகளுக்கிடையே பயிலும் மாணவனுக்கு 100 வாட் பெட்டி ஒரு சுமை.

இங்கு வரலாறு ஒரு வளைவை முடிக்கிறது. எண்ணியல் பெட்டிகள் கிதாருக்குரிய உயர் உள்ளீட்டுத் தடையையும் கிதார் ஸ்பீக்கரின் வடிகட்டலையும் தம்முள்ளே கொண்டவை. அவற்றுள் ஒன்றைப் பழையதாக வாங்கி, தேவாலயத்திலோ மன்றத்திலோ ஏற்கெனவே இருக்கும் மைக் செட்டின் பெட்டி ஸ்பீக்கரோடு இணைத்தால், மேலே கூறிய மூன்று குறைகளும் பெரிதும் நீங்கும். ஓசையை உருவாக்கும் பணியைப் பெட்டி ஏற்க, உள்ளதைப் பெருக்கும் பணி மைக் செட்டுக்கே மீள்கிறது. ஆகவே மிகக் குறைந்த தொகையுடையவருக்குச் சரியான தேர்வு பல வேளைகளில் கிதார் ஆம்ப்ளிஃபயராகவே இராது. வீட்டில் தனியே பயிலவேண்டியவருக்குச் சிறிய டிரான்சிஸ்டர் கருவி ஏற்றது. வால்வுக் கருவி, அதைச் செப்பனிடத் தெரிந்தவர் அருகில் இருப்பவருக்கே உரியது.

இறுதியில் தேர்வை முடிவுசெய்வது கருவியின் புகழ்ப்பெயரைவிட, கெட்டால் யார் சரிசெய்வார் என்னும் கேள்வியே. கையிலுள்ள தொகையில் ஒரு பங்கைச் செப்பனிடுவதற்கென ஒதுக்குவோர், வாங்கிய கருவியை ஆண்டுகள் பல வாசிக்கின்றனர். வானொலியும் டேப் ரெக்கார்டரும் திருத்திய கடைகள் இவ்வட்டாரத்திலும் குறைந்துவருகின்றன. ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயரின் வரலாறு அத்தகைய ஒரு கடையில் தொடங்கியது என்பதை எண்ணினால், அக்கடைகள் மூடப்படும்போது ஏழை இசைக்கலைஞர்களின் கருவிகளும் உடன் மௌனமாகின்றன என்பது விளங்கும்.