திருப்பதி முடியும் புரூக்ளின் தீயும்

2004 மே மாதம் நியூயார்க்கின் புரூக்ளினில் யூதப் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஆசாரமான யூதக் குடும்பங்களில் கல்யாணமான பெண் தலைமுடியை மறைக்கணும். பலர் அதற்கு விக் வைப்பார்கள். அதில் ஒரு பகுதி திருமலையில் இறக்கிய முடி. விக்கிரகத்துக்குப் படைத்தது, கூடவே கூடாது என்று ஜெருசலேம் ரபி எல்யாஷிவ் தீர்ப்பு சொல்லிட்டார்.

வித்துடலாமே, ஏன் எரிக்கணும்? யூதச் சட்டப்படி அந்நியப் படையலால் ஒரு காசு லாபம்கூட அடையக் கூடாது.

எனக்குப் பிடிச்சது இதில் உள்ள முடிச்சு. மொட்டை சந்நிதியில் போடுவதில்லை, கல்யாண கட்டாவில். முடி சாமி முன்னால் போவதே இல்லை. தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அப்போ அது படையலா, கழிவா? பார்த்துவர லண்டன் ரபி டன்னர் திருமலைக்கே வந்தார். பக்தர்கள் சாமிக்குத்தான் கொடுக்கிறார்கள் என்றார். வேறு சில ரபிகள் ஒத்துக்கலை: முடியை அழுக்காக நினைத்துக் களைகிறார்கள், படைக்கவில்லை என்பது அவர்கள் வாதம்.

தரமணியில் எங்க தெருவுல கேட்டா "மொட்டை போட்டேன்" என்பார்கள். வேண்டுதல் என்னன்னு கேட்டா அதே வாய் "முடி காணிக்கை" என்னும். எல்யாஷிவுக்கு அந்த ரெண்டாவது சொல்லே போதும்.