பட்டியலில் ஒரு பெயர்

மடுல்சீமைத் தோட்டங்களில் தேர்தல் நெருங்கினால் முதலில் எழும் கேள்வி, யார் வெல்வார் என்பதன்று. நம்மவர் யாருக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது என்பதே. பத்திரிகைப் பணியில் நான் பலமுறை கேட்ட கேள்வி இது.

1947 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. பதுளையில் வென்றவர் எஸ்.எம். சுப்பையா. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலின்போது தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. வாக்கே இல்லாதவருக்கு வேட்பாளர் எதற்கு?

பறிபோன உரிமை பல தவணைகளில் திரும்பி வந்தபோது தேர்தல் முறையே மாறியிருந்தது. 1989 பொதுத் தேர்தலிலிருந்து மாவட்டப் பட்டியலும் விருப்பு வாக்கும். ஆசனங்களின் எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டினால் வருவது ஒரு கட்சி நிறுத்தக்கூடிய வேட்பாளர் தொகை. 2015 இல் பதுளை மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். ஆகவே 11 பெயர்கள். அந்தப் பதினொன்றில் தமிழருக்கு எத்தனை? அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரை முதனிலைத் தேர்தலில் வாக்காளரே தெரிவுசெய்கின்றனர். இங்கே அந்தப் பேரம் கட்சித் தலைமையகங்களில் முடிந்துவிடும். கொழுந்து பறிப்பவரை யாரும் கேட்பதில்லை.

இடம் கிடைத்தாலும் போதாது. ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்குகள்தாம். பெயர்கள் பல பட்டியல்களில் சிதறினால் எவருமே கரையேற முடியாது. 2010 இல் பதுளையிலிருந்து ஒரு தமிழரும் பாராளுமன்றம் செல்லவில்லை. சிதறலும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலிலிருந்து வடிவேல் சுரேஷ், அரவிந்தகுமார் இருவரும் வென்றனர்.

2024 இல் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் தெரிவாகினர். தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அம்மண்ணின் பெண் ஒருவர் பதுளையிலிருந்து பாராளுமன்றம் செல்ல, சுப்பையா வென்ற நாளிலிருந்து 77 ஆண்டுகள் ஆயின.