யவனர் ஏடும் நம் நாடும்

மணலியில் இரவு நேரத்தில் நின்று பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கோபுர உச்சியிலே நெருப்பு நின்று எரியும். 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆலை அது. அங்கே வடிக்கப்படும் கச்சா எண்ணெய், மேலைக்கடல் தாண்டிக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் வந்து, குழாய் வழியே மணலியைச் சேருகிறது. மேலைநாட்டுக் கலம் தமிழகக் கரை தேடி வருவது இன்று நேற்று ஏற்பட்ட புதுமையா? இல்லை, தோழர்களே! ஈராயிரம் ஆண்டுப் பழமை அது.

யவனர் நன்கலத்தில் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதைப் புறநானூறு பேசுகிறது. பொன்னோடு வந்த யவனர் மரக்கலம் மிளகோடு மீண்டதை அகநானூறு பேசுகிறது. "புலவர் பாட்டு, கற்பனையாக இருக்கலாம்" என்று ஒருவர் கூறினால் என்ன விடை தருவது? "எங்கள் முன்னோர் பொய் சொல்லார்" என்பது விடையாகுமா? ஆகாது. அது புராணிகன் கூறும் விடை. பகுத்தறிவாளன் சான்று தேடுவான்.

சான்று எங்கே கிடைத்தது? கிரேக்க, இலத்தீன ஏடுகளிலே கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு வணிகன் கிரேக்க மொழியிலே கடல்வழிக் கையேடு ஒன்றை எழுதிவைத்தான். 'பெரிப்ளூசு' எனப்படும் அந்நூலில் முசிறி வருகிறது, மிளகு வருகிறது, கீழைக்கரைத் துறைகளும் வருகின்றன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுடெர்சு நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று உரோமாபுரி அறிஞன் பிளினி குறைபட்டுக்கொண்டான். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. 1985இல் வியன்னா நகரத்துப் பாபிரசுத் தாள் ஒன்று அச்சேறியது. முசிறி வணிகத்துக்கான கடன் உடன்படிக்கை அது. 'எர்மபொல்லோன்' என்னும் கப்பலில் வந்த தந்தமும் துணியும் நறுமணப் பொருளும் அதிலே கணக்கிடப்பட்டுள்ளன. நான்கில் ஒரு பங்கு சுங்கவரியும் குறிக்கப்பட்டுள்ளது. நம் புலவன் பாடியதற்கு அயலான் கணக்கேடு சாட்சி! பாட்டு, பயண நூல், மண்ணுக்குள் கிடந்த சாடி ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்போதுதான் பெருமை வரலாறாகிறது. அயலான் மொழியைக் கற்றதனால் தமிழ் தாழ்ந்ததா, உயர்ந்ததா?

ஈழத்து அறிஞர் கைலாசபதி, பிரித்தானியாவில் கிரேக்க இலக்கியப் பேராசிரியர் சார்சு தாம்சனிடம் ஆய்வு செய்தார். ஓமரின் காவியங்களையும் சங்கப் பாடல்களையும் ஒப்பிட்டு, பாணர் மரபை விளக்கும் நூலை 1968இல் வெளியிட்டார். அவர் முடிவுகளை மறுத்தோரும் உண்டு. மறுப்பதற்கும் ஓமரைப் படித்தாக வேண்டுமன்றோ?

ஆனால், 'கிரேக்கம்' என்றதும் கைகூப்ப வேண்டுமா? வேண்டாம். இயற்கையிலேயே சிலர் அடிமைகள் என்று எழுதியவர் பேரறிஞர் அரிசுடாட்டில். பிறவியால் உயர்வு தாழ்வு கற்பித்த மனுவின் குரல் அதிலே கேட்கவில்லையா? வினா எழுப்பிய சாக்ரடீசுக்குக் கி.மு. 399இல் நஞ்சு கொடுத்ததும் அதே ஏதென்சு நகரந்தான். எவர் சொன்னாலும் ஆராய்ந்து கொள்வதே நம் நெறி.

அந்த மண்ணிலேதான் எபிகூரசும் தோன்றினார். உலகம் அணுக்களால் ஆனது. தெய்வங்கள் மனிதர் வாழ்வில் தலையிடுவதில்லை. சாவுக்கு அஞ்சவேண்டியதில்லை என்றார். அவர் தோட்டத்துப் பள்ளியிலே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்தது. அவர் கொள்கையை உரோமாபுரிக் கவிஞன் லுக்ரீசியசு இலத்தீனத்திலே காவியமாக்கினான். தெய்வத்தின் பெயரால் தந்தையே மகளைப் பலியிட்ட கொடுமையைக் காட்டி, மதம் செய்யும் தீமையைச் சாடினான். நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்த அந்நூலை 1417இல் போக்கியோ என்னும் இத்தாலியர் ஒரு மடத்து ஏட்டறையிலே கண்டெடுத்தார். கண்டெடுத்த ஏட்டைப் படியெடுத்தனர், படித்தனர், ஐரோப்பா சிந்தித்தது.

நம் நாட்டு உலகாயதர் ஏடுகள் என்ன ஆயின? அவர்கள் எழுதிய மூலநூல்கள் கிடைக்கவில்லை. அவர்களை மறுத்தவர்களின் நூல்களிலிருந்தே அவர்கள் கருத்தை அறிகிறோம். மணிமேகலையில் பேசும் பூதவாதியும் பௌத்தக் காப்பியத்தின் வழியேதான் நம்மிடம் பேசுகிறான். எதிரியின் வாயால் மட்டுமே தன் கதை சொல்லப்படும் நிலை எத்துணைக் கொடியது! ஏட்டைக் காக்காத சமுதாயம் தன் சிந்தனையாளரை இருமுறை சாகவிடுகிறது.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலைச் சங்கொலிக்கு எழும் தோழர்களே! கிரேக்கமும் இலத்தீனமும் செல்வர் வீட்டுச் சொத்தல்ல. ஏதென்சு நகரை எழுப்பியவை அடிமைகளின் கைகள். கப்பலில் மிளகு மூட்டை ஏற்றியவை நம் பாட்டாளியின் தோள்கள். உழைத்தவன் வழித்தோன்றலுக்கு அந்த ஏடுகளிலே உரிமை இல்லையா? நம் படிப்பகங்களிலே புறநானூற்றின் அருகில் ஓமரும் லுக்ரீசியசும் தமிழிலே அமரட்டும். கப்பலில் வந்த மதுவை மன்னன் பருகினான். அக்கரையில் விளைந்த அறிவை மக்கள் பருகட்டும்!