கொக்கி ஊசியும் ஓய்வு நேரமும்

கட்டைவிரல் உயரத்தில் ஒரு முயல், ஒரு ஸ்டிராபெர்ரிப் பழம், ஐந்து இதழ்கொண்ட ஒரு பூ. நூலால் பின்னிச் சாவிக்கொத்தில் தொங்கவிடும் இச்சிறு பொருட்களைத் தம் கையாலேயே செய்து நண்பர்களுக்குப் பரிசளிக்கிறார்கள். விளையாட்டுப் பொருள் என்று கடந்துபோவது எளிது. ஆனால் குரோஷே எனப்படும் இப்பின்னலுக்குப் பின்னால் ஒரு பெரும் பஞ்சம் இருக்கிறது. ஓர் ஆற்றுக் கழிமுகத்துப் பெண்களின் உழைப்பும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊசியின் மேல் நிற்கும். அந்த ஒழுங்கே அதனை இயந்திரத்துக்கு இணங்கவைத்தது. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் அதற்கான சட்டகத்தை 1589-லேயே செய்துவிட்டார். குரோஷேயில் உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். அடுத்த கண்ணியைக் கொக்கி ஊசி, ஏற்கெனவே பின்னி முடித்த பரப்பில் எங்கு வேண்டுமானாலும் நுழைந்து எடுக்கலாம். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது விரலுக்கு எளிது, இயந்திரத்துக்குக் கடினம். ஆய்வுக்கூடங்களில் மாதிரிக் கருவிகள் செய்யப்பட்டதுண்டு. தொழிற்சாலைகள் அவற்றை ஏற்கவில்லை. ஆகவே உண்மையான குரோஷே எதுவாயினும், மலிவுக் கடையில் தொங்குவதாயினும், யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியதே.

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். அப்போது கார்க் நகரப் பகுதியின் உர்சுலைன் கன்னியர் மடம் போன்ற இடங்களில் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பிக்கப்பட்டது. மோனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்னும் ஊரில் ஒரு பாதிரியாரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட், 1847-இல் இதை நிவாரணத் தொழிலாகவே தொடங்கினார். வெனிஸ் நகரத்துப் பழைய ஊசி லேஸின் தோற்றத்தைக் கொக்கி ஊசியால் மிகக் குறைந்த நேரத்தில் கொண்டுவர முடிந்தது. செல்வர் வீட்டு ஆடைகளுக்கு அது விலைபோயிற்று.

ஐரிஷ் குரோஷேயின் தனித்தன்மை அதன் சிறு உருக்களில் இருக்கிறது. ரோஜா, இலை, திராட்சைக்கொத்து என ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்னிவைத்து, பிறகு வலைப்பின்னலால் இணைத்துத் துணியாக்குவார்கள். குறிப்பிட்ட ஓர் உருவை மட்டுமே செய்துவந்த குடும்பங்களும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த ஒற்றை ரோஜாவையே இன்றைய சாவிக்கொத்துப் பூவின் மூதாதை என நான் கருதுகிறேன். வாழ்நாள் முழுவதும் ரோஜா மட்டும் பின்னிய பெண், அது போய்ச் சேர்ந்த ஆடையை முழுதாகப் பார்த்திருப்பாளா?

நம் பக்கத்துக்கு லேஸ் வந்ததும் மிஷனரிகள் வழியாகத்தான். நாகர்கோவிலில் அவர்கள் கற்பித்தது, திண்டின்மேல் ஊசி குத்திக் கட்டைகளால் பின்னும் வேறொரு வகை. குரோஷே வேரூன்றியது கோதாவரிக் கழிமுகத்து நர்சாபூரில். அங்கே அது கிறித்தவத்துக்கு மாறிய ஏழைப் பெண்களிடமிருந்து தொடங்கி, வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போகாத காப்புச் சாதிப் பெண்களிடமும் பரவியது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் இறுதியில் அங்கு ஆய்வு செய்து, 1982-இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இது: பெண்கள் வீட்டுவேலைக்கு மேல் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணிநேரம் பின்னினர், கூலியோ ஒரு ரூபாயைக்கூட எட்டவில்லை. ஏற்றுமதி செய்து செல்வம் சேர்த்தவர்கள் ஆண்கள். பின்னியவர்களுக்குத் தொழிலாளர் என்ற பெயர்கூட இல்லை. அவர்கள் ‘ஓய்வு நேரத்தை’ பயனுள்ளதாகக் கழிக்கும் இல்லத்தரசிகள். குறைந்த கூலிக்கு இந்த ஒரு சொல்லே நியாயமாகப் போதுமானதாக இருந்தது. 2024-இல் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

முப்பரிமாணப் பொம்மையின் கதை ஜப்பானுடையது. பின்னல் என்று பொருள்படும் ‘அமி’யும், பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் ‘நுய்குருமி’யும் சேர்ந்து ‘அமிகுருமி’ ஆயிற்று. ஆறு கண்ணிகளில் தொடங்கி, அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு என விரித்து, பிறகு குறைத்துக்கொண்டே வந்து, வாய் மூடுவதற்குள் பஞ்சை அடைக்க வேண்டும். கைபேசியில் கயிறுகட்டிச் சிறு உருவங்களைத் தொங்கவிடும் மோகமும் அங்கே வலுவாக இருந்தது. பின்னர் வந்த கைபேசிகள் பலவற்றில் கயிறு கோக்கும் துளை இல்லாமற்போனது. உருவங்கள் பைகளிலும் சாவிகளிலும் இடம்பிடித்தன.

அமிகுருமியில் கண்ணிகள் நெருக்கமாக விழ வேண்டும். தளர்ந்தால் இடுக்கு வழியே பஞ்சு தெரியும். சிறிய பொம்மையில் இது இன்னும் கடினம். பழகிய கைக்கே ஒரு முயலுக்கு ஓரிரு மணிநேரம் பிடிக்கும். நூலின் விலையோ அற்பம். பரிசாகக் கொடுக்கும்போது அந்த மணிநேரத்தை யாரும் கணக்கிடுவதில்லை, கணக்கிடவும் கூடாது. ஆனால் முயலைப் பார்த்த இன்னொருவர், “எனக்கும் பத்து செய்து தாயேன், விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்” என்கிறார். என்ன விலை சொல்வது என்று அவள் தயங்குகிறாள். “சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே” என்று அவர் முந்திக்கொண்டு நூலின் விலையை மட்டும் கேட்கிறார்.