துளை போட்டால் இரு மடங்கு! - நெகிழ்வட்டின் கதை

கணினியில் 'சேமி' என்ற கட்டளைக்கு ஒரு சின்ன சதுரப் படம் இருக்கிறதே, அது என்ன என்று இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. அதுதான் பிளாப்பி. தமிழில் நெகிழ்வட்டு. இதில் ஒரு ஓட்டை போட்டு 720 கிலோபைட் வட்டை 1.44 மெகாபைட் வட்டாக மாற்றும் வித்தை ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பரவியிருந்தது. காசு மிச்சம் என்று செய்த பலர் கடைசியில் தகவலையே பறிகொடுத்தார்கள்!

வெட்டுவதில் தொடங்கியது

1971-ல் ஐபிஎம் நிறுவனம் 8 அங்குல பிளாப்பியை வெளியிட்டது. 1976-ல் ஷுகார்ட் நிறுவனத்தின் 5.25 அங்குல வட்டு வந்தது. ஆப்பிள் 2 கணினியின் டிரைவ் வட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே படிக்கும். ஆனால் காந்தப் பூச்சு இரண்டு பக்கமும் இருந்தது. எனவே உறையின் மறு ஓரத்திலும் ஒரு வெட்டு வெட்டி, வட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தையும் பயன்படுத்தினார்கள். திருப்பிப் போட்டால் வட்டு எதிர்த்திசையில் சுற்றும். உறைக்குள் இருக்கும் துணி பிடித்து வைத்த தூசி மறுபடி வட்டின் மேலேயே உதிரும் என்ற பயம் அப்போதே இருந்தது.

துளை வந்த கதை

1987-ல் ஐபிஎம் தனது பிஎஸ்/2 கணினிகளில் 1.44 மெகாபைட் கொண்ட 3.5 அங்குல வட்டைக் கொண்டு வந்தது. பழைய வட்டில் ஒரு தடத்துக்கு 9 பிரிவுகள். புதியதில் 18. தடங்கள் பக்கத்துக்கு 80 என்பதில் மாற்றமில்லை. அதிக அடர்த்தி வட்டு என்பதற்கு அடையாளமாக அதன் ஒரு மூலையில் கூடுதலாக ஒரு சதுரத் துளை இருக்கும். எழுதுவதைத் தடுக்கும் துளை எதிர் மூலையில். டிரைவ் இந்தத் துளையைத் தொட்டுப் பார்த்துத்தான் வட்டின் வகையைத் தெரிந்துகொள்ளும்.

குறைந்த அடர்த்தி வட்டு விலை மலிவு. அதில் அதே இடத்தில் துளை போட்டால் டிரைவ் ஏமாந்துவிடும்! சிலர் டிரில்லால் துளைத்தார்கள், சிலர் சால்டரிங் அயர்னால் சுட்டார்கள். இதற்கென்றே துளையிடும் கருவிகளும் விற்பனைக்கு வந்தன. இன்னொரு வேடிக்கை, பிஎஸ்/2 கணினிகள் பலவற்றில் துளையைப் பார்க்கும் உணரியே கிடையாது. அங்கே சாதாரண வட்டும் துளையே இல்லாமல் 1.44-க்கு பார்மேட் ஆகிவிடும். அதே வட்டை வேறு கணினியில் போட்டால் படிக்காது.

ஆபத்து எங்கே?

துளை மாறினாலும் பூச்சு மாறாது. காந்தப் பதிவை மாற்ற எவ்வளவு வலுவான காந்தப்புலம் வேண்டும் என்பதை எர்ஸ்டெட் என்ற அலகால் அளப்பார்கள். 3.5 அங்குலத்தில் சாதாரண வட்டுக்கு சுமார் 600 முதல் 650, அதிக அடர்த்தி வட்டுக்கு சுமார் 700 முதல் 750. வித்தியாசம் குறைவு என்பதால் பார்மேட் ஒழுங்காக முடியும், கோப்பும் திறக்கும். ஆனால் சாதாரண வட்டின் பூச்சு தடிமனானது. நெருக்கமாக எழுதிய பிட்டுகள் அதில் ஒன்றை ஒன்று பாதிக்கும். இன்று படித்த வட்டு சில மாதங்கள் கழித்து பிழை காட்டும். துளைக்கும்போது உள்ளே விழும் பிளாஸ்டிக் தூள் வட்டைக் கீறும்.

5.25 அங்குலத்தில் இந்த ஆசை ஆரம்பத்திலேயே உடைந்தது. 360 கிலோபைட் வட்டுக்கு சுமார் 300 எர்ஸ்டெட், 1984-ல் வந்த 1.2 மெகாபைட் வட்டுக்கு சுமார் 600. பார்மேட் செய்யும்போதே கெட்ட பிரிவுகள் வரிசையாக வந்து எச்சரித்துவிடும். 3.5 அங்குலம் அப்படி எச்சரிக்காமல் நம்ப வைத்துக் கழுத்தறுத்தது.

நேர்மையான வழியும் இருந்தது. மைக்ரோசாப்ட் தன் மென்பொருள்களை விற்க, அதிக அடர்த்தி வட்டிலேயே பிரிவுகளுக்கு இடையேயான இடைவெளியைக் குறைத்து, தடத்துக்கு 21 பிரிவுகள் எழுதி 1.68 மெகாபைட் ஆக்கியது. வட்டு அதற்குத் தகுதியானது என்பதால் வேலை செய்தது.

நமக்கு என்ன?

சோனி 2011 மார்ச்சில் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. ஆனால் சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலும் பழைய டிடிபி கோப்புகள், பாடக் குறிப்புகள், கவிதைகள் என்று பிளாப்பிகள் பீரோவில் கிடக்கலாம். தமிழ்க் கோப்பு என்றால் இரட்டைச் சிக்கல். வட்டு படித்தாலும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் உரையை மாற்றியாக வேண்டும்.

அப்படி ஏதாவது கிடைத்தால் முதலில் எழுதுவதைத் தடுக்கும் துளையைத் திறந்து வைக்க வேண்டும். யுஎஸ்பி டிரைவில் போட்டு முழு வட்டையும் ஒரே கோப்பாக நகலெடுப்பது நல்லது. கையால் துளைத்த வட்டு, 1.44-ல் எழுதப்பட்டிருந்தால் துளையை மூடக் கூடாது. துளைக்கும் முன் 720-ல் எழுதியது என்றால் மட்டும் டேப் ஒட்டிப் பார்க்கலாம். தப்பித் தவறிக்கூட பார்மேட் செய்யக் கூடாது!

அன்று மிச்சமானது சில ரூபாய்தான். உள்ளே இருப்பதைத் திரும்ப எழுத ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. காந்தப் பதிவு நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகும். எடுக்க வேண்டியதை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.