அந்தமானில் புகுந்த தட்டம்மை

மாஸ்க், டெஸ்ட், லாக்டவுன் என்று பேச்செடுத்தால் எங்கள் ஆபீசில் இன்னமும் ரெண்டு கட்சி. "சுதந்திரம் போச்சே" என்று ஒன்று, "உயிர் பிழைச்சோமே" என்று இன்னொன்று. எனக்கு அந்தமான் வரலாறுதான் ஞாபகம் வரும்.

1858-ல் வெள்ளைக்காரர்கள் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் அமைத்தபோது கிரேட் அந்தமானியப் பழங்குடிகள் 5000 பேருக்குக் குறையாமல் இருந்திருப்பார்கள் என்பது கணிப்பு. அவர்களைப் 'பழக்க' அந்தமான் ஹோம் என்று விடுதிகள் கட்டினார்கள். 1877-ல் தட்டம்மை புகுந்தது. அந்த நோயையே அறியாத உடம்புகள். கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் வெறும் 19.

1880-ல் போர்ட்மேன் என்ற அதிகாரி வடக்கு சென்டினல் தீவிலிருந்து 6 பேரைப் பிடித்து வந்தார். வந்ததும் எல்லோருக்கும் நோய். பெரியவர்கள் இருவரும் இறந்துபோக, 4 பிள்ளைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி அனுப்பினார். கூடவே என்ன போனதோ!

2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியர்களுக்கு கொரோனா டெஸ்ட் எடுத்தார்கள். மொத்தமே 50 சொச்சம் பேர். அதில் 10 பேருக்குத் தொற்று. இந்த முறை உடனே பிரித்து வைத்து வைத்தியம் பார்த்தார்கள். அனைவரும் பிழைத்தார்கள்.

நெருங்கும் படகின் மேல் சென்டினல் தீவுக்காரர்கள் அம்பு விடுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறோம். எனக்கென்னவோ அதுவும் ஒரு குவாரண்டைன் மாதிரிதான் தெரிகிறது. நீங்க என்ன நினைக்கறீங்க?